கைராசிக்கார சாமுராய்

உள்ளறையில் தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது.

போச்சு. அத்தை புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

மாவு டப்பாவுக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்திருந்தேன். மாமியாருக்குத் தெரியக் கூடாததைச் சமையலறையில் ஒளித்து வைக்கிற புத்திசாலி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மத்தியானத் தபாலில் வந்தது அது. பேய் சாமுராய் படக்கதையின் கடைசிப் புத்தகம்.

என் கணவர் கப்பலில் என்ஜின் பார்ப்பவர். ஏதோ ஒரு ஜப்பான் துறைமுகத்தில் முதல் புத்தகத்தை வாங்கினாராம், நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே. அப்புறம் சந்தா கட்டி ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரவழைத்தார். அவர் கடலில் இருக்கும்போது வருவதை அத்தையும் நானும் தனித்தனியாக முதலில் பார்த்துவிடுவோம். அந்த எழுத்து எங்களுக்கு ஒன்றும் தெரியாது. படம் பார்ப்பதோடு சரி.

போரில் செத்துப்போன சாமுராய் ஒருவன் நிழலில்லாமல் ஊர் ஊராக அலைகிறான். அவன் வாள் பட்டால் பூதமும் சாம்பல், மனிதனும் சாம்பல். அவன் போகிற ஊரெல்லாம் பற்றி எரியும்.

அத்தைக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். "கைராசிக்காரப் பையன். அவன் கை பட்டா செத்தவன்கூட எழுந்து உக்காந்துடறான்" என்று சட்டை தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பாவம், கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பிரியத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகாதவரை தன் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்று மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். இந்த வாரம் செய்யவில்லை.

அவர் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. பேச்சு இல்லை, செய்தி இல்லை. கம்பெனி ஆபீசில் கேட்டால், இன்று சாயங்காலத்துக்குள் கரை சேர்ந்துவிடும், சேர்ந்ததும் பேசுவார் என்றார்கள். சாயங்காலமும் ஆகிவிட்டது. போன் வரவில்லை.

இந்த லட்சணத்தில் கடைசிப் புத்தகம் வேறு. நின்றபடியே புரட்டினேன். முதல் பக்கத்தில் அவன் தன் அம்மாவின் வீட்டு வாசலில் நிற்கிறான். கடைசியில் ஆற்றில் இறங்குகிறான். முழங்கால் போகிறது, மார்பு போகிறது, தலையும் போகிறது. அப்புறம் பக்கம் முழுக்க வெறும் தண்ணீர்.

சட்டென்று மூடி மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகினேன். அத்தை பார்த்தால் தாங்குவாரா?

மிஷின் இன்னும் ஓடவில்லை. அழுகைச் சத்தமும் இல்லை. அவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு தம்ளர் தண்ணீரோடு கதவருகே போய் நின்றேன். தட்டக் கை வரவில்லை. தண்ணீரை நானே குடித்துவிட்டேன்.

கதவு திறந்தது.

கழுத்தில் அளவு நாடா தொங்க, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அத்தை நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டாம்மா! தண்ணிக்குள்ளேருந்து தலை தெரிஞ்சுது பாரு, அப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. நேரா அவங்க அம்மா வீட்டு வாசலுக்கே வந்து நிக்கறான்!"

புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு, அடுப்பில் பால் வைக்கப் போய்விட்டார்.

நான் அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம் புத்தகத்தில் பின்னட்டை எதுவோ, ஜப்பான் புத்தகத்தில் அதுதான் முன்னட்டை. வலமிருந்து இடமாகப் போக வேண்டும். கல்யாணமான புதிதில் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு அப்படித்தான் காட்டிக்கொடுத்தார். அத்தை நம் புத்தகம் போலவே இந்தப் பக்கமாகத் திறந்திருக்கிறார். முதல் புத்தகத்திலிருந்தே.

அப்படிப் பார்த்தால் சாம்பல் ஒன்றுகூடி ஆளாகிறது. சாமுராய் வாளை உருவ, காயம் மூடிக்கொள்கிறது. தீ அணைந்து ஊர் முழுசாகிறது. அத்தையின் கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது. இப்போதாவது அத்தையிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே போன் அடித்தது.

அவர்தான்! கரகரவென்று, பாதிப் பாதியாக, ஆனால் அவர்தான். அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை ஓடி வந்து போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று விசாரித்து, மூக்கைச் சிந்தி, பால் பொங்குகிற வாசனை வந்ததும் போனை என்னிடம் போட்டுவிட்டுத் திரும்ப ஓடினார்.

என் கணவர் புயலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். அடுத்த கேள்வி, புத்தகம் வந்துவிட்டதா, முடிவு என்ன என்பதுதான். நல்ல மனுஷன்!

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தையின் காதில் விழும்படி, "வந்துட்டான். அம்மா வீட்டு வாசல்ல நிக்கறான்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"நீயும் அந்தப் பக்கத்துலேருந்து பாத்துட்டியா? முதல் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துட்டுத் திரும்பக் கப்பலேறின அன்னிக்கு நான்தான் அம்மாவுக்கு அப்படித் திருப்பிக் காட்டினேன். சொல்லிடாதே."