முதல் ஓலை

சாமியார் காகிதத்தைப் பிரித்தார்.

அவள் கைப்பேசியை முந்தானைக்குள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தூத்துக்குடி மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடியும் நேரம். இனி திருமண அறிவிப்புதான் பாக்கி. ஊரில் அதை ஓலை என்பார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இன்று முதல் ஓலை.

"கொரேரா அவர்களின் மகன் டென்சில்."

பெண்கள் பக்கத்தில் சிலர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மோத்தா அவர்களின் மகள் ஜெனிட்டா."

அவளும் சிரித்தாள். உதடு மட்டும்.

நற்கருணை வாங்கித் திரும்பியபோதுதான் கைப்பேசி அதிர்ந்தது. முழந்தாளிட்டபடியே பார்த்தாள். நடுக்கடலிலிருந்து டென்சில்.

கப்பல் சூயஸ் கால்வாய்க்குத் திரும்பவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பெனி எடுத்த முடிவு. எண்ணெய் மலிந்து கிடக்கிறது. கால்வாய்க்குக் கட்டும் சுங்கம்தான் அதிகம். நாலு கால்பந்து மைதான நீளத்துக்குக் கப்பல், அதில் பாதிக்கு மேல் காலிச் சரக்குப் பெட்டிகள். உலகத்தில் வாங்குவாரில்லை. எந்தத் துறைமுகமும் காத்திருக்கவில்லை. ஆகவே அவசரமில்லையாம்.

சரக்குக்கு.

திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டியபோது சுக்கானைப் பிடித்திருந்தது அவன் கைதானாம்.

இனி அவன் கொழும்பில் இறங்கி ஊர் வந்து சேரும்போது சாம்பல் புதன் கடந்திருக்கும். அன்றைக்குத் தொடங்கும் தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஏப்ரலில் ஈஸ்டர் வரும்வரை பொறுக்க வேண்டும்.

கடைசி வரியில் கேட்டிருந்தான். உங்க அப்பாகிட்ட நீயே சொல்லிடுறியா?

அப்பாவிடம்.

போன வருடம் குறித்த தேதியும் இப்படித்தான் போனது. ஏற்றச் சரக்கில்லாமல் கப்பல் சீனக் கரையோரம் நங்கூரம் போட்டுக் கிடந்தது. பத்திரிகை வைத்த வீடுகளில் எல்லாம் மறுபடியும் ஏறி, தள்ளிப்போனதைச் சொல்லிவிட்டு வந்தவர் அப்பா. எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் கேட்டார்கள், மாப்பிள்ளைக்கு நெசமாவே கப்பல்லதான் வேலையா என்று.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பல் வராமல் கிரேன்கள் கையைத் தூக்கியபடி நிற்பதைத் தினமும் பார்க்கிறவர்.

ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சொன்னார். அடுத்த தடவையும் வரலைன்னா மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்துரு.

"இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

வழக்கமாக யாரும் காதில் வாங்காத வாக்கியம். பிள்ளைகள் வாசலைப் பார்க்கும். பெண்கள் பையைத் தேடுவார்கள்.

இன்று அறிந்தவள் ஒருத்தி இருந்தாள்.

சொல்லாவிட்டால் நாளைக்கே பத்திரிகை அச்சுக்குப் போகும். அப்பா மறுபடியும் படியேறுவார். மறுபடியும் காபி.

சொன்னால், மோதிரம்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஏட்டி, கல்யாணப் பொண்ணுக்கு இருப்புக் கொள்ளலையோ?" பின்னாலிருந்து சித்தி கிசுகிசுத்தாள்.

கோயில் முழுக்க உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

சாமியார் காகிதத்திலிருந்து கண்ணை உயர்த்தினார்.

அவள் ஆண்கள் பக்கம் பார்த்தாள்.

அப்பா பீடத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை. பிறகு முந்தானைக்குள் இருந்த கையை.

தொண்டையைச் செருமினார்.

எழுந்தார்.

அவரே சொல்லிவிடப் போகிறாரோ?

அவர் கைகளைக் குவித்துக்கொண்டு சும்மா நின்றார். அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை. எழுந்து நின்று வாங்கும் கடைசி ஆசீர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் மொத்தமும் எழுந்தது. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. பெண்கள் பக்கமும் எழுந்தது.

நிற்கிற கூட்டத்தில் அவளும் ஒருத்தியாகிப் போனாள்.

சாமியார் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. அப்பா கூட்டத்தை விலக்கி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பார்ப்பவர்களுக்கெல்லாம் தலையசைத்தார்.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"அப்பா..."

அவர் சாவியைத் திருகினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏப்ரல் மாசம்னா வெக்கை தாங்காதுட்டி. ஏசி மண்டபமாப் பாக்கணும்."