முன்வரிசைக் கடை

“பந்தல், ஆடு, பனங்கள்ளு… கடையில வேலை பார்த்த ஒருத்தனைத் தனியா அனுப்பறதுக்கா இவ்வளவு கூத்து, மாப்ள?”

மனைவியின் அண்ணன் டிலிபே நேற்றுதான் கானோ நகரத்திலிருந்து வந்திருந்தார். வந்ததிலிருந்து இதே பாட்டுதான். உசோன்னா பந்தலுக்குள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

நெவி ஊர்ச் சந்தையில் அவனுக்கு மூன்று மோட்டார் உதிரிபாகக் கடைகள். உடனிருந்து உழைத்த ஆளுக்குக் கெடு முடிந்ததும் கடையும் சரக்கும் கொடுத்து வாழ்த்தி அனுப்புவது இக்போ இன வியாபாரிகளின் வழக்கம். அதற்காக முன்வரிசைக் கடையையே தூக்கிக் கொடுப்பார்களா? டிலிபே தன் மகனுக்கென்று கண் வைத்திருந்த கடை அது. மனிதருக்கு வயிறு எரிந்தது.

“பின்வரிசையில சின்னதா ஒண்ணு போதாதா? மூணு வருஷம்தானே இருந்தான்? அவனவன் ஏழு வருஷம் மாடா உழைச்சிட்டு வெறுங்கையோட போறான்.”

“ஏமாத்தற முதலாளிங்க ஏமாத்தட்டும் மச்சான். என்னால முடியாது.”

“நாளைக்கே எதிர்க்க உக்காந்து உன் வாடிக்கையை எல்லாம் இழுத்துக்குவான், பாரு.”

“இழுக்கட்டும். அதுல கெட்டிக்கார ஆளுதான்.”

“சொந்த மருமகனைவிட எவனோ ஒருத்தன் உனக்குப் பெருசாப் போயிட்டானா?”

உசோன்னாவுக்குச் சுருக்கென்றது. மனைவியைப் பார்த்தான். விருந்தினருக்குக் கோலாக்கொட்டை வைக்கும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள், “எங்கண்ணன் அப்படித்தான் கத்தும். நீங்க மனசை மாத்திக்காதீங்க” என்றாள்.

அது போதும் அவனுக்கு. “நீங்க கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறினாலும் சரி மச்சான். இன்னிக்கு அந்தச் சாவி கைமாறத்தான் போகுது.”

வெளியே மணி அடித்தார்கள். சந்தைக்காரர்கள் எல்லாரும் கைதட்டி வழிவிட, புதுச் சட்டையில் வந்தவர் வழக்கப்படி முதலாளி முன்னால் மண்டியிடக் குனிந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. டிலிபே நாற்காலியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார்.

உசோன்னா பாய்ந்துபோய் அவரைத் தாங்கிப் பிடித்துவிட்டு, தான் மண்டியிட்டான்.

“உங்க கடை தீயில போனப்ப, சும்மா குடுத்தா வாங்க மாட்டேன், உழைச்சுத்தான் வாங்குவேன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. உழைச்சுட்டீங்க. இந்தாங்க சாவி” என்றான், சின்ன வயதில் தன்னைக் கூட்டிவந்து தொழில் கற்றுக்கொடுத்து, முதல் கடையைப் போட்டுக் கொடுத்த தன் முதலாளியிடம்.