மூன்றாவது சிலிண்டர்

சிலிண்டர் ஹெட்டின் கடைசி போல்ட் கழன்றதும் சுக்ரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

வண்டி அவனுடையது அல்ல. நோர்லியாவின் பச்சைக் கஞ்சில் கார். காலையிலிருந்து மூன்று சுற்றிலும் அவனைப் பின்னால் விட்டுவிட்டுப் போன வண்டி.

தைப்பிங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் திடலில் எண்ணூற்று ஐம்பது சிசி வகுப்புக்கு இன்று கடைசிப் பந்தயம். தேய்ந்த எஞ்சினின் சிலிண்டரை ஒருமுறை குடைந்து அகலமாக்கிக்கொள்ளலாம். அதற்காக 860 சிசி வரை விட்டுக்கொடுப்பார்கள். அதற்கு மேல் ஒரு சொட்டு கூடினாலும் வெளியே. கோப்பையை எடுப்பவருக்கு அடுத்த ஆண்டு முழுவதும் ஓட்ட ஈப்போ டயர் கடைக்காரர் ஒரு வண்டி தருகிறார்.

ஆறு வருடமாக சுக்ரி அந்த ஒரு வண்டிக்காகவே ஓட்டிக்கொண்டிருக்கிறான். இரண்டாவதாக வந்த கையோடு புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். நோர்லியாவின் எஞ்சின் 860ஐத் தாண்டுகிறது, பிரித்து அளக்க வேண்டும்.

"தோத்தவன் வீட்டுக்குப் போயி அழுவான். நீ ஸ்பேனரோட வந்திருக்கியே மாப்ள!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான்.

சுக்ரி திரும்பிப் பார்க்கவில்லை.

அவனுக்கு இருந்தது சந்தேகம்கூட அல்ல, உறுதி. 860க்குள் இருக்கும் எந்த வண்டியும் அவன் வண்டியை முந்த முடியாது. ஏன் முடியாது என்பதை மட்டும் அவன் புகாரில் எழுதவில்லை.

நோர்லியா ஸ்பேர் டயரின் மேல் உட்கார்ந்து கொய்யாத் துண்டுகளைப் புளிப்புப் பொடியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். வாரநாளில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிரித்துப் போட்ட எஞ்சினுக்கு முன்னால் ஒருத்தி இவ்வளவு நிதானமாக உட்காரலாமா? அதுவே சரியில்லை.

சரியில்லாதவை இன்னும் இருந்தன. அவள் வண்டியின் புகைக்குழாய்ச் சத்தம் கொஞ்சம் தடித்திருந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பானெட்டைத் திறந்தாள், யாராவது கிட்டே வந்தால் உடனே மூடினாள். என்ன பிஸ்டன் போட்டிருக்கிறீர்கள் என்று போன மாதம் கேட்டதற்கு, "வட்டமா இருக்கும்" என்றாள்.

"நல்லாப் பாத்துக்க தம்பி," என்றாள் இப்போது. "உள்ள புலி கிலி படுத்திருந்தா சொல்லு."

கூட்டம் சிரித்தது.

அளவெடுப்பவர் நசாருடின், லேத் பட்டறைக்காரர். சிரிக்காதவர். முதல் சிலிண்டருக்குள் விட்டம் அளக்கும் கேஜை இறக்கி, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று பார்த்து அட்டையில் எழுதினார்.

அறுபத்தாறு புள்ளி ஆறு மில்லி. கம்பெனி அளவு.

இரண்டாவதிலும் அதே.

"மூணாவதையும் அளங்கண்ணே," என்றான் சுக்ரி. ரெண்டை அப்படியே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எவனும் குடைய மாட்டான் என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் சொன்னான்.

மூன்றாவதிலும் அதே.

அப்படியானால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்ட கிராங்கை மாற்றியிருக்கிறாள். பிஸ்டனைக் கீழே விட்டு ஓர் அளவு, மேலே கொண்டுவந்து ஓர் அளவு. நசாருடின் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். எண்பத்தொன்று. எல்லாக் கஞ்சில் 850க்கும் இருக்கிற எண்பத்தொன்று.

அவர் சென்டிமீட்டருக்கு மாற்றி, எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டே பெருக்கினார். விட்டத்தை விட்டத்தால். வந்ததை வட்டக் கணக்குக்கான புள்ளி ஏழு எட்டு ஐந்து நான்கால். பிறகு பிஸ்டன் ஏறி இறங்கும் நீளத்தால். கடைசியில் மூன்றால்.

"எண்ணூத்தி நாப்பத்தாறரை. பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

சுக்ரி கேஜைக் கை காட்டினான்.

"கேஜ் தப்பாக் காட்டுது."

நசாருடின் பெட்டியிலிருந்து அளவு தெரிந்த சோதனை வளையத்தை எடுத்து, அதற்குள் கேஜை விட்டு, முள் நிற்கும் இடத்தை அவன் மூக்குக்கு நேரே காட்டினார். முடி அளவுகூடப் பிசகவில்லை.

மலைப் பக்கம் இடி உருண்டது. யாரோ அவன் தோளைத் தட்டி, "விடுப்பா, அவங்க வளைவுல பிரேக்கத் தொடறதே இல்ல, நீ தொடுற. அவ்வளவுதான்," என்றார்கள்.

சுக்ரி அந்தக் கையை உதறினான்.

"அதெப்படிண்ணே? எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்க. எண்ணூத்தி நாப்பத்தாறு எப்படிண்ணே எண்ணூத்தி எண்பத்திரண்ட அடிக்கும்?"

எண்ணூற்று எண்பத்திரண்டு என்று அதுவரை அங்கே ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

நசாருடின் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் 882 என்று எழுதினார். மூன்றால் வகுத்தார். எட்டு புள்ளி ஒன்றால் வகுத்தார். புள்ளி ஏழு எட்டு ஐந்து நான்கால் வகுத்தார். மிச்சத்துக்கு வர்க்கமூலம் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் அவசரப்படவில்லை.

ஆறு புள்ளி எட்டு.

"அறுபத்தெட்டு மில்லி," என்றார் மெதுவாக.

பெரிய எஞ்சினுக்குப் பெரிய பிஸ்டன் என்று வெளியாள் நினைப்பான். அங்கே நின்றவர்கள் வெளியாட்கள் இல்லை. கஞ்சிலின் சின்ன 660 எஞ்சினின் பிஸ்டன்தான் 850இன் பிஸ்டனைவிட அகலம் என்பதும், அந்த அகலம் சரியாக அறுபத்தெட்டு என்பதும், அதை 850க்குள் போட்டால் 882 வரும் என்பதும் அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பச்சை வண்டியின் பக்கம் அல்ல.

நோர்லியா கையில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"மழ வருது தம்பி. ஒன்னோடதையும் சட்டுனு தொறந்துட்டா எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."