ஆறு மணி வகுப்பு

நாய்க்கு விளையாட வரவில்லை. மூன்று மாதம் வீணானதுதான் மிச்சம்.

கொண்டுவந்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களையெல்லாம் இருபத்தொரு நாளில் மெயின் ரோட்டில் விட்டவர். ஒரு நாய்க்குப் பந்து பிடிக்கச் சொல்லித்தர முடியாதா?

தினமும் மாலை ஆறு முதல் ஆறரை வரை வகுப்பு.

"பந்தைப் பாருடா! எங்க பார்க்கிற? எடு! எடுன்னு சொன்னேன்ல!"

பிராணிகள் காப்பகத்து நாய். எவனோ கட்டிப்போட்டு அடித்ததில் ஒரு காது மடங்கியே போயிருந்தது. மாஸ்டர் அதன்மேல் கை வைத்ததே இல்லை. ஆனாலும் அது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய், சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும். சில நாள் நின்ற இடமே ஈரம்.

மனைவி துணியோடு வந்து துடைத்துவிட்டுப் போவாள்.

"நீயும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தா என்னடி? எனக்கென்ன வந்ததுன்னு போற!"

ஒரு நாள் மதியம், வகுப்புக் காரில் இருந்தபடியே காப்பகத்துக்குப் போன் செய்தார்.

"முடியலைம்மா. தினம் செத்துச் செத்துப் பிழைக்குது. இன்னிக்கே திருப்பிக் கொண்டுவரேன்... பிரேக்! பிரேக்கை மிதிய்யா!"

பக்கத்தில் ஓட்டியவர் பயத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

"ஏற்கெனவே ஒருத்தர் திருப்பிக் கொடுத்த நாய் சார்," என்றாள் காப்பகத்துப் பெண். "வயசும் ஆச்சு. இனி யாரும் எடுக்க மாட்டாங்க. ஊசி போட்டுக் கண்ணை மூட வைக்கிறதுதான்."

மாஸ்டர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"பயந்துக்கிட்டே கிடக்கிறதுக்கு அதுவே தேவலை."

மூன்று மணிக்கு வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது உள்ளே சிரிப்புச் சத்தம். யாரென்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம்!

ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

மனைவி தரையில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் நாயும் மல்லாந்து, நாலு காலும் மேலே. அவருடைய பழைய சாக்ஸின் ஒரு முனை அதன் வாயில். மறுமுனை அவள் கையில்.

கதவைத் தள்ளினார்.

நாய் மேஜைக்கு அடியில் பாய்ந்தது. அவள் பதறி எழுந்து சுவரோரம் நின்றாள். இரண்டு முகமும் ஒரே மாதிரி இருந்தன.

"எத்தனை நாளா இது?"

"முதல் வாரத்துலேருந்து."

"ஏன் சொல்லலை?"

தரையைப் பார்த்துச் சொன்னாள்: "சொன்னா, எனக்கும் சொல்லிக்கொடுக்க வந்துடுவீங்களே."

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து சாக்ஸை எடுத்து நீட்டினார். நாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

போன் அடித்தது.

"கிளம்பிட்டீங்களா சார்? டாக்டர் நாலு மணிக்குப் போயிடுவார்."

"எந்த டாக்டர்?" என்றாள் மனைவி.

ஊசி விஷயத்தைச் சொன்னார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

போன் அவர் கையிலிருந்து பறிபோயிற்று.

"நாய் எங்கேயும் வராதும்மா. இங்கே சத்தம் போட்டுக்கிட்டிருந்தவர் இனிமே போட மாட்டார். அதுக்கு நான் பொறுப்பு."

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள், இருபத்தாறு வருஷமாக அவரிடம் ஒரு பேச்சு எதிர்த்துப் பேசாத அவர் மனைவி.