கவுதாரிக் காணிக்கை

போன வருடம் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு யாரோ ஒரு ஜோடி கவுதாரியைக் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்தார்கள். குழம்புக்குப் போக இருந்ததை ஏசுவடியான் விடாமல் ஏலம் கேட்டு எடுத்து, கோயிலுக்குப் பின்னாலிருந்த உடைமரக் காட்டில் திறந்துவிட்டார். சபையே கைதட்டியது. போதகர் ஐயர் அதை வைத்தே ஒரு பிரசங்கம் செய்தார்.

இந்த வருடம் காட்டில் கவுதாரிச் சத்தமே இல்லை. விடியற்காலை ஜெபத்துக்கு அங்கேதான் போய் உட்காருவார் ஏசுவடியான். மழை பொய்த்ததால் இருக்கும் என்று நினைத்திருந்தார். இன்று கோயில் வாசலில், வாழைத்தார்களுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவே, வரிசையாகக் கூண்டுகள். எல்லாவற்றிலும் கவுதாரிகள் கம்பியில் தலையை முட்டிக்கொண்டிருந்தன.

“ஒங்களுக்குன்னேதான் கண்ணி வச்சுப் புடிச்சோம் ஐயா,” என்றாள் சபையைச் சேர்ந்த பாக்கியத்தாய், முகமெல்லாம் சிரிப்பாக. “நீங்க தொறந்து விடுததப் பாக்க எல்லாருக்கும் அம்புட்டு ஆச.”

முதல் கூண்டுக்கு ஓட்டல்காரர் விலை கேட்டார்.

“ஒரு தரம்.”

சபை திரும்பி ஏசுவடியானைப் பார்த்தது.

“ரெண்டு தரம்.”

அவர் கை பாதி உயர்ந்து நின்றது. கூண்டுக்குள்ளிருந்து ஒரு கவுதாரி உரக்கக் கூப்பிட்டது. காட்டிலிருந்து பதில் வரவில்லை.