பத்தாவது மெட்டு

“இதுக்காவது சிரிப்பு வருதா, சாம்சன்?” என்று கேட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்த பிரவீனா மெட்டைப் பாடிக் காட்டினாள்.

ஒரகடம் தொழிற்சாலை ஆண்டு விழாவுக்கு, பழைய சமஸ்கிருத நகைச்சுவை நாடகம் ஒன்றைத் தமிழில் போடுகிறார்கள். இசை பிரவீனா. ராஜாவின் கோமாளித் தோழன் விதூஷகனாக சாம்சன். அவன் துள்ளி வருவதற்குத்தான் இந்த மெட்டு. ஏற்கெனவே ஒன்பதைத் தள்ளிவிட்டான்; நாளை ஒத்திகை.

முன் சீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சாம்சன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“இன்னும் கொஞ்சம்...”

“இன்னா கொஞ்சம்? டிரைவர் அண்ணனே தாளம் போடுறாரு! நாளைக்கு மியூசிக் இல்லாம சும்மா நடந்து வாங்க, போங்க!”

பிரவீனா தினம் இறங்கும் சிங்கப்பெருமாள் கோவில் நெருங்கிவிட்டது. இனி மறைக்க முடியாது.

“முதல் மெட்டே சூப்பருங்க. ஓகே சொல்லிட்டா உங்க பக்கத்துல உக்கார சாக்கு ஏது? இது என் பஸ்ஸே இல்ல. என் வூடு சுங்குவார்சத்திரத்துல கீது. தினம் நீங்க போனதும் ரெண்டு வண்டி மாறித் திரும்பிப் போறேன்.”

பிரவீனா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அய்யோ, இது என் பஸ்ஸும் இல்ல. என் வூடும் அந்தப் பக்கம், ஸ்ரீபெரும்புதூர்ல! முதல் நாள் இந்த பஸ் கதவாண்ட நின்னுகினு இருந்தீங்களே, உங்க பஸ்ஸுன்னு நெனச்சுத்தானே ஏறுனேன்!”

“நீங்க எதுல ஏறுறீங்கன்னு பாக்கத்தானே அங்க நின்னேன்!”