மூன்றாம் பாட்டின் இடைவெளி

"நிப்பாட்டு."

பாடிக்கொண்டிருந்த அவள் கத்தினாள். டிரம்ஸ் ஓய்ந்தது. பிரணவனின் கிட்டார் மட்டும் இன்னும் சற்று நேரம் அறைக்குள் மூட்டமாய்ச் சுழன்றது.

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு டொரொண்டோவிலிருந்து வந்திருக்கிறான். இருவருமாக லண்டன் க்ராய்டனில் தொடங்கிய, கனவுபோல மிதக்கும் ட்ரீம் பாப் இசைக்குழு இது. ஒரே ஆல்பத்தில் வாசித்துவிட்டுப் போனவன். இருந்த கிட்டார்காரி போன வாரம் விலகிவிட்டாள். சனிக்கிழமை கச்சேரி. வேறு யாரைக் கூப்பிடுவது?

அவனுக்குப் பிறகு ஆறு கிட்டார்காரர்கள், நாலு டிரம்மர்கள். மாறாமல் இருப்பது அவள் குரல் ஒன்றுதான். ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்துப் பழக்கி நிமிர்ந்தால், பையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

சே, என்ன பிழைப்பு!

இப்போது இவனும் சொதப்புகிறான்.

அந்த ஆல்பத்தின் மூன்றாம் பாட்டு. பல்லவி முடிகிற இடத்தில் கிட்டார் மேலே ஏறும். கடைசி நோட்டை, அந்த உச்ச ஸ்வரத்தை, தொடாமல் நின்றுவிடும்.

விமர்சகர்கள் அந்த இடைவெளியைத்தான் கொண்டாடினார்கள். மூச்சே நின்றுவிடுகிறது என்று எழுதினார்கள். குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்பாள்.

இவன் அந்த நோட்டையும் சேர்த்து வாசித்துவிட்டான்.

"ரெக்கோட்டில அது இல்லை. மறந்துபோச்சோ?"

பிரணவன் சிரித்தான்.

"ரெக்கோட் செய்த அண்டைக்கு மெல்லிய கம்பி அறுந்துபோச்சு. வேற கம்பி இல்லை. ஸ்டூடியோவைப் பூட்டப்போறம் எண்டு நிண்டாங்கள். அப்பிடியே விட்டிட்டன். நீ வேலைக்குப் போயிருந்தாய். பிறகு வந்த ஆக்கள் அதை வாசிச்சிருப்பினம்தானே?"

வாசிக்கத்தான் பார்த்தார்கள். எல்லோருக்கும் கை தானாக அங்கே போனது. ஒவ்வொருத்தரையும் அவள் நிறுத்தினாள்.

ஆரணியையும். சொந்தத் தங்கை. எல்லோர் முன்னாலும் "உனக்குக் காது இருக்கோ?" என்று கேட்டாள். ஆரணி அன்றே கிட்டாரை வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது வருடம் ஆகிறது. தன் கல்யாணத்துக்குக்கூட அக்காவிடம் சொல்லவில்லை.

பாவி, என்ன செய்துவைத்திருக்கிறேன்!

"ஆரணி குழுவில இருக்கேக்கையே எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்டவள்," என்றான் பிரணவன், கிட்டாரைச் சுருதி சேர்த்தபடி. "கம்பி அறுந்த கதையைச் சொன்னனான். உன்னட்டச் சொல்லேல்லையோ?"

சொன்னாள்.

அன்று போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, காதில் வாங்காத அக்காவிடம் இரண்டு தரம் சொன்னாள்.